அப்பா இட்லியைக் கூட ரசத்தில் கரைத்துச் சாப்பிடுகிறார்

பொள்ளாச்சிப் பையன்:
அப்பாவுக்கு 64 வயது. லாரி ஓட்டியவர். வெற்றிலையோடு புகையிலை இன்றுவரை உண்டு. டீ கொதிக்கக் கொதிக்க வேண்டும், கொஞ்சம் ஆறினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தீபாவளிக்குப் போனபோதுதான் கவனித்தேன். மட்டன் என்றால் உயிரை விடுகிறவர், குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு கறியை ஓரமாக ஒதுக்கினார். பரோட்டாவை விட்டு மூன்று மாதமாம். இட்லிக்கும் ரசம், வாய்க்கு வாய் தண்ணீர். கேட்டால், "பல்லு சரியில்லடா" என்கிறார். வேட்டி பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. சுகர் பார்த்தோம், நார்மல். பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்தது, சாப்பாடு நெஞ்சில் அடைப்பது குறையவில்லை. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

ஸ்கோப் ரூம் சிஸ்டர்:
இல்லை தம்பி. எண்டோஸ்கோபி அறையில் 11 வருடமாக இருக்கிறேன். வருகிறவர்களிடம் வலியைப் பற்றி அப்புறம்தான் கேட்பேன். முதல் கேள்வி, "முன்னாடி சாப்பிட்டதில் எதையெல்லாம் விட்டுட்டீங்க?" பெரும்பாலும் கறியும் பரோட்டாவும் முதலில் போகும், பிறகு சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரே இறங்காது. உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும். அதனால் உள்ளே கட்டி இருந்தாலும் பாதை நன்றாகச் சுருங்கும்வரை ஆளுக்குத் தெரியாது. தெரிய ஆரம்பித்துவிட்டால் நாள் கடத்தக் கூடாது, அதுவும் எடை குறைகிறது என்றால்.

எரிச்சல் அடங்கியதை நம்பாதீர்கள், மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும். அதற்காகப் புற்றுநோய்தான் என்றும் சொல்லவில்லை. அமிலம் பட்டுப் பட்டுத் தழும்பாகிச் சுருங்கினாலும் இப்படி அடைக்கும். குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினால்தான் தெரியும். தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்பார்கள், பத்து நிமிட வேலை.

கோமதி:
என் மாமியார் புகையிலையைத் தொட்டதே இல்லை. ஆனால் ஃபில்டர் காபி மட்டும் ஆவி பறக்க வேண்டும். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-இல் சந்தேகப் பட்டியலில் சேர்த்ததை, எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தேன். அவருக்குக் குரல் கம்மியது, சாப்பிடும்போது இருமல் வந்தது. சளி என்று இரண்டு மாதம் கஷாயம் போட்டுக் கொடுத்தது நான்தான். உணவுக்குழாய்ப் புற்றுநோய், குரல் நரம்பு வரை போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். அப்பாவின் குரலையும் கவனியுங்கள்.

பொள்ளாச்சிப் பையன்:
குரல் நன்றாகத்தான் இருக்கிறது, என்னைத் திட்டும்போது தெருவுக்கே கேட்கிறது. சிஸ்டர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சித்திரையிலயே முறுக்கை விட்டுட்டேன்" என்றார். அம்மாவுக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை ஸ்கோப். வெறும் வயிறு என்று சொல்லியிருக்கிறேன், போகிற வழியில் ஒரு டீ மட்டும் குடிக்கலாமா என்று இப்போதே பேரம் பேசுகிறார்.