ஏரிச்சாலை வாட்ஸ்அப் குரூப்: கொடைக்கானல், 2021 சீசன்

18 ஏப்ரல் 2021, ஞாயிறு

டாக்சி தம்பி: நியூஸ் பாத்தீங்களா எல்லாரும்? செவ்வாய்க்கிழமையிலேருந்து நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூணுக்கும் டூரிஸ்ட் வரக்கூடாதாம். ராத்திரி பத்து மணியிலேருந்து காலைல நாலு வரைக்கும் ஊரடங்கு. ஞாயித்துக்கிழமை முழு ஊரடங்கு.

சாக்லேட் கடை அக்கா: ஐயோ கடவுளே. சீசனுக்குன்னு போன வாரம்தான் சரக்கு போட்டேன். முந்திரி, பாதாம் எல்லாம் கடன்ல எடுத்தது. நாப்பது கிலோ அப்படியே கிடக்கு.

பூம்பாறை அண்ணன்: ஞாயிறு ஊரடங்குன்னா சந்தை?

கெஸ்ட்ஹவுஸ் மாமா: சந்தையும் கிடையாதுப்பா.

பூம்பாறை அண்ணன்: பூண்டு மச்சுல கட்டித் தொங்குது, அது தாங்கும். கேரட், பீன்ஸ என்ன பண்றது மாமா?

குதிரை அண்ணன்: போன வருஷம் மார்ச்சுல மூடி செப்டம்பர்லதான் திறந்தாய்ங்க. அதுக்குள்ள ரெண்டு குதிரைய வித்துட்டேன். மிச்சம் மூணு. ஒண்ணுக்கு கொள்ளு, தவிடு, புல்லுன்னு ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய்க்குக் குறைய மாட்டேங்குது.

டாக்சி தம்பி: எனக்கு அஞ்சாந்தேதி டியூ.

கெஸ்ட்ஹவுஸ் மாமா: போன தடவை மாதிரி அரிசி, பருப்பு பை போடலாம். நான் அஞ்சாயிரம் தர்றேன். வேற யார் யார்?

சோளக்கடை பாப்பா: மாமா, அம்மா சொல்லச் சொல்றாங்க. பை வேணாம்னு இல்ல, ஆனா போட்டோ எடுக்க வேணாமாம். போன தடவை எங்க படத்தை யாரோ ஃபேஸ்புக்குல போட்டுட்டாங்க. ஊர்லேருந்து சித்தி போன் பண்ணி அழுதாங்க.

கெஸ்ட்ஹவுஸ் மாமா: அது நடந்திருக்கவே கூடாதும்மா. இனிமே இந்த குரூப்புல உதவி வாங்குறவங்க படம் யாரும் போடக்கூடாது. இது அட்மின் உத்தரவு.

ஹோம்ஸ்டே அக்கா: மாமா, நான் கொஞ்சம் நீளமா எழுதறேன், எல்லாரும் முழுசா படிங்க.
பை கொடுக்கிறது தப்பில்ல. ஆனா பத்து நாள்ல தீந்துரும், பதினோராவது நாள் அவங்க அதே இடத்துலதான் நிப்பாங்க. ரூம் வச்சிருக்கிற நம்மகிட்ட ஒண்ணு இருக்கு, சோளக்கடை அக்காகிட்டயும் குதிரை அண்ணன்கிட்டயும் அது இல்ல. வந்து தங்கிட்டுப் போனவங்க போன் நம்பர். என் ரெஜிஸ்டர்ல மட்டும் அஞ்சு வருஷத்து ஆளுங்க இருக்காங்க. மதுரை, திருச்சி, சென்னை, கோயம்புத்தூர், கொச்சி. அத்தனை பேரும் போகும்போது சாக்லேட், தைலம், பூண்டுன்னு கை நிறைய வாங்கிட்டுத்தான் காரு ஏறினாங்க. ஆனா அந்தக் கடைக்காரங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாது. இப்ப அவங்க மேல வர முடியாது, சரக்கு கீழ போகலாம்ல? நம்ம ரெஜிஸ்டர்தான் இவங்களுக்கு சந்தை. அதைத் திறந்து விடணும்னு சொல்றேன்.

வட்டக்கானல் காட்டேஜ் சார்: நல்ல யோசனை மேடம். ஆனா நம்பரை அப்படியே குரூப்புல போடக்கூடாது. நம்மள நம்பிக் கொடுத்தது. அவங்கவங்க தங்கினவங்களுக்கு அவங்கவங்களே மெசேஜ் அனுப்பி, ஆர்டரை மட்டும் இங்க போடுவோம்.

ஹோம்ஸ்டே அக்கா: சரியாச் சொன்னீங்க சார். அப்படியே செய்வோம்.

20 ஏப்ரல் 2021, செவ்வாய்

வட்டக்கானல் காட்டேஜ் சார்: மே மாசத்துக்கு வாங்கின அட்வான்ஸை எல்லாரும் திருப்பிக் கேக்கறாங்க. உங்களுக்கும் வருதா?

ஹோம்ஸ்டே அக்கா: வருது சார். நான் மூணு வழி சொல்லி எழுதறேன். முழுசா வேணும்னா அன்னிக்கே அனுப்பிடறேன். தேதி மாத்திக்கணும்னா ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணா வரலாம். இல்ல, அட்வான்ஸ்ல ஆயிரம் ரூபாய்க்கு மலைச் சரக்கு அனுப்பறேன், மிச்சத்தைத் திருப்பிடறேன். இந்த மூணாவது வழியை இதுவரைக்கும் ஏழு பேர் எடுத்திருக்காங்க. அந்த ஏழாயிரம் இன்னிக்கே கடைக்காரங்க கைக்குப் போகும்.

கெஸ்ட்ஹவுஸ் மாமா: மூணாவதை வற்புறுத்தக் கூடாதும்மா. ஊரெல்லாம் ஆஸ்பத்திரி செலவு.

ஹோம்ஸ்டே அக்கா: மாட்டேன் மாமா. காலைல மதுரைலேருந்து ஒரு பொண்ணு, அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வச்சிருக்காங்களாம். "அக்கா, அட்வான்ஸ் திருப்பித் தர முடியுமா"ன்னு ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்துச்சு. படிச்ச கையோட ஜிபேல போட்டுவிட்டேன். அந்த மாதிரி பணத்தை ஒரு நாள் வச்சிருந்தாலும் பாவம்.

தைலக்கடை பாய்: அல்லாஹ் அவங்க அத்தாவுக்கு நல்ல சுகம் தரட்டும்.

22 ஏப்ரல் 2021, வியாழன்

ஹோம்ஸ்டே அக்கா: முதல் லிஸ்ட் போடறேன். மதுரை 11 பார்சல், திண்டுக்கல் 3, திருச்சி 6. பூண்டு ஒரு கிலோ, கேரட் ரெண்டு கிலோ, சாக்லேட் அரைக் கிலோ, தைலம் ஒரு பாட்டில். பூம்பாறை அண்ணே, விலை நீங்க சொல்லுங்க. நாங்க பேரம் பேச மாட்டோம்.

பூம்பாறை அண்ணன்: சந்தை விலையே போடுங்கக்கா. அதுக்கு மேல எனக்கு வேணாம். பூண்டு மட்டும் நல்லா காஞ்சதாப் பாத்துத் தர்றேன். புகையில காஞ்சது, அதுதான் நம்ம மலைப்பூண்டு. 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதையும் மெசேஜ்ல எழுதிருங்க. கீழ மலைப்பூண்டுன்னு சொல்லி எதையோ விக்கிறாய்ங்க.

சாக்லேட் கடை அக்கா: எனக்கு ஒரே பயம், உருகிரும். இங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பேக் பண்றோம், வத்தலக்குண்டு இறங்கினா அனல் அடிக்குது.

டாக்சி தம்பி: அக்கா, காய்கறி லாரி ராத்திரிதான் இறங்குது, ஊரடங்குல காய்கறிக்குத் தடை இல்ல. என் மச்சான் ஓட்டறான். தெர்மாகோல் பெட்டியில அடைச்சு கேரட் மூட்டைக்கு நடுவுல வச்சா விடியறதுக்குள்ள மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட் போயிரும். அங்க என் ஃபிரண்டு ஆட்டோ வச்சிருக்கான், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல கொடுத்துருவான். அவனுக்கும் சவாரி இல்லாம இருக்கு, பார்சலுக்கு நாப்பது ரூபா கொடுத்தா போதும்.

சாக்லேட் கடை அக்கா: திருச்சி வேணாம் தம்பி. மதுரை, திண்டுக்கல்லுக்கு மட்டும் சாக்லேட் அனுப்புவோம். மேல வெள்ளை பூத்துப் போய்ச் சேந்தா அடுத்த தடவை யாரும் கேக்க மாட்டாங்க. திருச்சிக்கு அதுக்குப் பதிலா பூண்டு கூட வைங்க.

தைலக்கடை பாய்: தைலத்தைத் தபால்ல போடாதீங்கம்மா, தீப்பிடிக்கிற பொருள், எடுக்க மாட்டாங்க. லாரியிலயே போகட்டும்.

சைக்கிள் கடை அண்ணன்: பாய், இப்ப எல்லாரும் ஆவி பிடிக்கிறாங்க. "கொரோனாவுக்கு கொடைக்கானல் தைலம்"னு போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்!

தைலக்கடை பாய்: வேணாம் தம்பி. எங்க வாப்பா காலத்துலேருந்து சளிக்கும் மூட்டுவலிக்கும்னுதான் சொல்லி வித்திருக்கோம். இதை நம்பி ஒருத்தர் ஆஸ்பத்திரி போகாம வீட்டுல படுத்துட்டா அந்தப் பழி யாருக்கு? குடிக்கக்கூடாது, குழந்தைங்க கைக்கு எட்டாம வைக்கணும்னு சீட்டு எழுதி ஒட்டித்தான் தருவேன்.

கெஸ்ட்ஹவுஸ் மாமா: பாய் சொன்னது நூத்துக்கு நூறு.

24 ஏப்ரல் 2021, சனி

டாக்சி தம்பி: மதுரை 11ம் போய்ச் சேந்துருச்சு. சாக்லேட் உருகல. கே.கே.நகர்ல ஒரு பாட்டி ஆட்டோக்காரனுக்கு மோர் கொடுத்து அனுப்பியிருக்காங்க.

சாக்லேட் கடை அக்கா: 🙏🙏 நாப்பதுல ஏழு கிலோ போச்சு. முந்திரிக்காரருக்குப் பாதிப் பணம் கட்டிட்டேன்.

கெஸ்ட்ஹவுஸ் மாமா: ஒரு விஷயம் பேசிடணும். ஆர்டர் பிடிச்சுக் கொடுக்கிறவங்களுக்குப் பத்து சதவீதம் கமிஷன் வைக்கலாமான்னு ஒருத்தர் தனியா கேட்டார். சீசன்ல டிரைவருக்கு, ரூம் பாய்க்குக் கடைக்காரங்க கமிஷன் கொடுக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா இப்ப அது வேண்டாம்னு என் கருத்து.

டாக்சி தம்பி: நானும் கடையில கமிஷன் வாங்கினவன்தான் மாமா. இப்ப ஒரு பைசா வேணாம். டீசல் இல்லாம என் வண்டி நிக்குது, ஆனா இந்த அக்காங்க கடை மூடிட்டா அடுத்த சீசன்ல நான் யார் கடைக்குக் கூட்டிட்டுப் போவேன்?

ஹோம்ஸ்டே அக்கா: கமிஷனுக்குப் பதிலா பார்சலுக்கு இருபது ரூபா பேக்கிங் கூலி வைப்போம். சோளக்கடை அக்கா வந்து பேக் பண்ணட்டும். அது அவங்க சம்பாத்தியம், போட்டோவும் கிடையாது, பையும் கிடையாது.

சோளக்கடை பாப்பா: அம்மா நாளைக்கே வர்றேங்கறாங்க!

கெஸ்ட்ஹவுஸ் மாமா: நாளைக்கு ஞாயிறு, முழு ஊரடங்கு. திங்கக்கிழமை வரச் சொல்லு பாப்பா, மாஸ்க் போட்டுக்கிட்டு.

28 ஏப்ரல் 2021, புதன்

குதிரை அண்ணன்: எல்லாருக்கும் ஏதோ ஓடுது, சந்தோஷம். குதிரைய பார்சல்ல அனுப்ப முடியாதே. கொள்ளுக்கடையில இனி கடன் கிடையாதுன்னுட்டாரு. அவுத்து விட்டா ரோட்டுல திரியும், வண்டில அடிபடும். போன வருஷம் அதைக் கண்ணால பாத்தேன்.

வட்டக்கானல் காட்டேஜ் சார்: அண்ணே, சாணத்தை என்ன பண்றீங்க?

குதிரை அண்ணன்: ஒரு ஓரமாக் கொட்டி வச்சிருக்கேன் சார். மலையாட்டம் கிடக்கு.

வட்டக்கானல் காட்டேஜ் சார்: மக்கினதா இருந்தா என் தோட்டத்துக்கு ஒரு டெம்போ வேணும். ரோஜாவுக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் வெளியிலேருந்து எரு வாங்கிட்டுத்தான் இருக்கேன். காசு நேரா கொள்ளுக்கடைக்கே கட்டிடறேன்.

பூம்பாறை அண்ணன்: எனக்கும் ரெண்டு லோடு. அடுத்த பூண்டு நடவுக்கு ஆகும். காசுக்குப் பதிலா கேரட் தழையும் கழிவுக் கேரட்டும் தர்றேன், குதிரை திங்கும்ல?

குதிரை அண்ணன்: நல்லாத் திங்கும்ணே. ஒரேயடியாப் போட்டா வயித்த வலிக்கும், புல்லோட கொஞ்சங் கொஞ்சமாக் கொடுப்பேன். மூணையும் விக்காம இந்த மாசம் ஓட்டிரலாம் போல இருக்கு. என்ன சொல்றதுன்னு தெரியல.

சைக்கிள் கடை அண்ணன்: ஏரியைச் சுத்தி யாரும் இல்ல. என் சைக்கிள் ரெண்டைப் பார்சல் எடுக்க வச்சுக்கங்க, வாடகை வேணாம்.

8 மே 2021, சனி

டாக்சி தம்பி: திங்கக்கிழமை பத்தாந்தேதியிலேருந்து தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு. 24 வரைக்கும்.

கெஸ்ட்ஹவுஸ் மாமா: எதிர்பாத்ததுதான். நேத்து புது முதலமைச்சர் முதல் கையெழுத்தே நாலாயிரம் ரூபாய் நிவாரணத்துக்குப் போட்டிருக்கார். அரிசி கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு இந்த மாசம் ரெண்டாயிரம். டோக்கன் வீட்டுக்கு வரும், ரேஷன் கடை முன்னாடி கூட்டம் போடாதீங்க.

சோளக்கடை பாப்பா: மாமா, அம்மாவுக்குப் பத்தாயிரம் லோன் கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னார். முந்நூறு ரூபாய் கொடுத்தா எழுதித் தர்றாராம். நெசமா?

கெஸ்ட்ஹவுஸ் மாமா: யாருக்கும் காசு கொடுக்காதீங்க! திட்டம் உண்மை, பி.எம். ஸ்வநிதி, போன வருஷம் ஜூன்ல வந்தது. தள்ளுவண்டி, நடைபாதைக் கடைக்காரங்களுக்கு அடமானம் இல்லாம பத்தாயிரம். ஒரு வருஷத்துல மாசா மாசம் கட்டணும். ஒழுங்காக் கட்டினா வட்டியில ஏழு சதவீதம் கணக்குல திரும்ப வரும். நகராட்சியில தெருவோர வியாபாரி அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வாங்கணும். ஆதார், பேங்க் புக் போட்டோ எனக்குத் தனியா அனுப்பு, குரூப்புல போடாதே. நானே உக்காந்து நிரப்பித் தர்றேன்.

ஹோம்ஸ்டே அக்கா: பாப்பா, சோளம் விக்க ஆளு வர்றப்ப லோன் எடுக்கச் சொல்லும்மா. வியாபாரமே இல்லாத மாசத்துல எடுத்தா அது சாப்பாட்டுக்குப் போயிரும், தவணை மட்டும் நிக்கும். அதுவரைக்கும் பேக்கிங் கூலி வரும்.

கெஸ்ட்ஹவுஸ் மாமா: அதுவும் சரிதான். விண்ணப்பத்தை ரெடி பண்ணி வைப்போம், எப்ப கொடுக்கிறதுன்னு அம்மா முடிவு பண்ணட்டும்.

டாக்சி தம்பி: காய்கறி லாரிக்குத் தடை இல்லைன்னு மச்சான் கேட்டுச் சொல்லிட்டான். ஆனா மதுரையில ஆட்டோ ஓடாது. பார்சல் யார் கொடுக்கிறது?

வட்டக்கானல் காட்டேஜ் சார்: என்கிட்ட தங்கினவர் ஒருத்தர் அண்ணா நகர்ல மளிகைக்கடை வச்சிருக்கார். கடை மதியம் வரைக்கும் திறந்திருக்கும். மொத்தமா அங்க இறக்கிட்டா, அந்தப் பக்கத்து ஆளுங்க மளிகை வாங்க வரும்போது எடுத்துக்கிறாங்க. பேசிட்டேன், ஒத்துக்கிட்டார்.

ஹோம்ஸ்டே அக்கா: அப்ப அண்ணா நகர், கே.கே.நகர் ஆர்டரை மட்டும் இந்த வாரம் எடுப்போம். தூரத்து ஆளுங்களுக்கு ஊரடங்கு முடிஞ்சதும்னு நான் இப்பவே சொல்லிடறேன். பூம்பாறை அண்ணே, பிளம்ஸ் எப்ப வரும்? நாலு பேர் கேட்டுட்டாங்க.

பூம்பாறை அண்ணன்: அடுத்த வாரம் பறிக்கலாம்க்கா. கனிஞ்சது நசுங்கிரும், செங்காயாத் தர்றேன். பெட்டியில வைக்கோல் போட்டு அடுக்கச் சொல்லுங்க.

குதிரை அண்ணன்: வைக்கோல் என்கிட்ட இருக்கு. காலைல கொண்டாந்து போடறேன்.