ஞாயிற்றுக்கிழமை கிடா

பெரியப்பா, காலை 6:40
ஞாயிறு கருப்பருக்குக் கிடா. 9 மணிக்குள் எல்லோரும் கோயிலுக்கு வந்துவிட வேண்டும். கிடா உயிர் எடை 22 கிலோ, கறி 10 கிலோ தேறும். தலைக்கணக்கு சொல்லுங்கள். போதாவிட்டால் காரைக்குடியில் இன்னும் 3 கிலோ எடுத்துக்கொள்ளலாம்.

நான், 6:58
நாங்கள் மூன்று பேர் பெரியப்பா. ஆனால் பாப்பாவை வெட்டு முடிந்த பிறகுதான் கூட்டி வருவேன். 11 மணி ஆகும்.

சென்னைத் தம்பி, 7:05
ஏன் அக்கா? சாப்பிடுகிறவள்தானே, பார்க்கட்டுமே. பார்க்கத் தைரியம் இல்லாதவன் தின்னக் கூடாது. இதுதான் என் கட்சி.

தேவகோட்டை அத்தை, 7:09
நீ பத்து வயதில் கிடாவுக்கு மாலை போட்டதுமே வேனுக்குள் போய் சீட்டுக்கடியில் படுத்துக்கொண்டவன். கட்சியாம் கட்சி 😂

சென்னைத் தம்பி, 7:10
அதனால்தான் சொல்கிறேன் அத்தை. அன்றைக்கு ஒளிந்துவிட்டு மத்தியானம் மூன்று முறை கறி வாங்கித் தின்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெரியப்பா, 7:14
2003இல் பலி கூடாது என்று சர்க்கார் கெடுபிடி செய்தபோது கருப்பருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கும்பிட்டோம். 1950இலேயே போட்ட சட்டமாம், அதுவரை யாருக்கு நினைவிருந்தது? 2004இல் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் பந்தியில் யார் முகத்திலும் களை இல்லை.

நான், 7:20
ஆடு அறுக்கும் கூடங்களுக்கு 2001இல் மத்திய அரசு ஒரு விதி போட்டிருக்கிறது. ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது. ஆடே பார்க்க வேண்டாம் என்கிறது சட்டம். பாப்பா மட்டும் பார்க்க வேண்டுமா?

சென்னைத் தம்பி, 7:22
அக்கா, கோழிக்கடைக்குப் போயிருக்கிறாயா? கூண்டில் இருக்கிற அத்தனையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டேதான் நிற்கும்.

பெரியப்பா, 7:25
🔁 பலமுறை பகிரப்பட்டது
பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் 40 நாளில் வளர்க்கிறார்கள்! உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்!!

தேவகோட்டை மாமா, 7:41
அண்ணே, 5,000 கோழிக்கு ஊசி போட ஆள் எங்கே இருக்கிறான்? தினம் தண்ணீர்க் குழாயைக் கழுவவே ஆள் கிடைக்கவில்லை. வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும். பயப்பட வேண்டுமென்றால் ஆன்டிபயாடிக்குக்குப் பயப்படுங்கள். கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019இல்தான் தடை வந்தது.

பேச்சு வந்ததால் சொல்கிறேன். கம்பெனிக்காரன் ஒரு நாள் குஞ்சு இறக்குவான், உள்ளங்கையில் 40 கிராம் இருக்கும். புதுவயல் மில்லில் உமி வாங்கித் தரையில் பரப்பி, பல்பு போட்டுச் சூடு காட்டுவோம். ஒரு வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. 40 நாளில் 2 கிலோ. நாட்டுக்கோழி அந்த எடைக்கு ஆறு மாதம் கேட்கும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடியும் கொஞ்சமும்தான் இடம். கடைசி வாரம் கொட்டகைக்குள் உமியே கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சு கனத்துப்போய்க் கால் தாங்காமல் நாலு எட்டு வைக்கும், உட்காரும். சித்திரை மத்தியானத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கரண்ட் போனால் நானும் அதோடு சேர்ந்து மூச்சு வாங்குவேன்.

லாரி இரவு 11 மணிக்கு மேல்தான் வரும். இருட்டில் கோழி மிரளாது. காலைப் பிடித்துத் தலைகீழாக, கைக்கு நாலைந்தாக அள்ளிக் கிரேட்டில் போடுவார்கள். விடிவதற்குள் கொட்டகை காலி. அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்று நானே பார்த்ததில்லை.

கருப்பர் கிடா ஊர் முன்னால் ஒரே வெட்டில் போகிறது. அதற்கு ஒரு மணி நேரம் வழக்குப் பேசுகிறீர்கள். வாரம் இரண்டு நாள் தின்கிற கோழியைப் பார்க்க என் கொட்டகைக்கு ஒருத்தர் வந்ததுண்டா? இவளே நாற்றம் என்று வருவதில்லை.

தேவகோட்டை அத்தை, 7:43
நாற்றம் அடிக்கத்தானே செய்கிறது.

சென்னைத் தம்பி, 7:50
மாமா, சனிக்கிழமை நான் வருகிறேன்.

தேவகோட்டை மாமா, 7:51
வா. செருப்பை வெளியே விட்டுவிட்டு, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே வர வேண்டும்.

அம்மா, 8:15
இவ்வளவையும் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

“வெட்டுகிறதைப் பார்த்தால் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது? வெள்ளிக்கிழமையே வந்து கிடாவுக்கு அகத்திக்குழை ஒடித்துப் போடச் சொல்லு.

உங்கள் தாத்தா பினாங்கில் இருந்த காலத்தில் விருந்தாள் வந்தால் கூடையில் கவிழ்த்த கோழியை நான்தான் அறுப்பேன். கழுத்தைப் பிடிக்கும்போது இரைப்பையில் அரிசி நெருடும். காலையில் நானே போட்ட அரிசி. வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, வைக்கோலில் வாட்டி, மஞ்சள் தடவிக் குழம்பும் வைத்துவிடுவேன். என் சோற்றுக்கு மட்டும் குழம்பு ஊற்றிக்கொள்வேன், கறி எடுக்க மாட்டேன்.”

தேவகோட்டை அத்தை, 8:19
அம்மாவுக்குக் கறி பிடிக்காது என்றுதானே நினைத்தோம்? அவர்கள் பங்கையும் நாங்கள்தான் தின்றோம்.

பெரியப்பா, 8:20
நானும் அப்படித்தான் நினைத்தேன். கால் துண்டு எப்போதும் எனக்குத்தான் வரும்.

அம்மா, 8:24
சிரிக்கிறார்கள். “நான் அறுத்ததைத்தான் தின்ன மாட்டேன். கடைக்கறி வந்தபோதாவது வைப்பீர்கள் என்று பார்த்தேன், ஒருத்தரும் வைக்கவில்லை” என்கிறார்கள்.

சென்னைத் தம்பி, 8:25
ஐயோ அப்பத்தா 🙏

நான், 8:31
வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் அம்மா. குழை போட்டாள் என்றால் ஞாயிறு சாப்பிட மாட்டாள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அம்மா, 8:33
ரசம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்புறம், அவர்களுக்கு ஈரல் வேண்டுமாம். பல் இல்லாததால் அதுதான் மெல்ல வருமாம்.

பெரியப்பா, 8:36
சரி, ஈரல் முழுக்க அம்மாவுக்கு. யாரும் கை வைக்கக் கூடாது. இன்னும் நாலு வீட்டில் தலைக்கணக்கு சொல்லவில்லை.