தார்க்கோடும் துருப்பிடித்த தகரமும்

சாலை விரிசல்களை அடைக்க உருக்கிய தாரை ஊற்றி இழுத்துவிட்டுப் போவார்கள். கருப்பு வெள்ளையில் நான் அலுக்காமல் எடுப்பது அந்தக் கோடுகளைத்தான். குனிந்து பார்த்தால் ஓரிடத்தில் தடித்து, வளைவில் இழையாக மெலிந்து, ஊற்றியவரின் கை தயங்கிய இடத்தில் குமிழாகத் திரண்டிருக்கும். டயர் ஏறி ஏறி நடுப்பகுதி பளபளக்கும். ஓரங்கள் மணல் ஒட்டி மங்கிக் கிடக்கும். சாய்வெயிலில் நேர் மேலிருந்து எடுத்த ஒரு படத்தை நண்பரிடம் காட்டினேன். “விமானத்திலிருந்து எடுத்த ஆறா?” என்றார். நான் மறுக்கவில்லை.

அளவைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான். ஒரு காய்ந்த இலையோ சிகரெட் துண்டோ எட்டிப் பார்த்தாலும் ஆறு மறுபடி சாலையாகிவிடும். கேமராவின் ஒளியளவி எதையும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்வதால், தாருக்கு வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்பாவது, அதாவது பாதியாகவாவது, குறைத்து வைக்கிறேன். இல்லையென்றால் கருமை வெளிறிப் படத்தின் உயிரே போய்விடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆரன் சிஸ்கைண்ட் 1930களில் ஆவணப் புகைப்படங்கள் எடுத்தவர். 1940களில் உரிந்த பெயின்ட், கிழிந்த சுவரொட்டி என்று திரும்பினார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் எடுத்ததும் சாலையின் தார்க்கோடுகளைத்தான்! அவருடைய படங்களில் எழுத்தின் துண்டுகள் அழகாக அமர்ந்திருக்கும். எனக்கு அது கைவரவில்லை. ஒரு எழுத்து முழுசாகத் தெரிந்தாலும் கண் படிக்கப் போய்விடுகிறது. அதனால் சுவரொட்டி என்றால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன்; அப்போதும் நின்றால் வைத்துக்கொள்வேன்.

துருப்பிடித்த தகரம் வேறு வகை. பச்சைப் பெயின்ட் உரிந்து செந்துரு தெரியும் கதவு கண்ணுக்கு அட்டகாசமாக இருக்கும். நிறத்தை எடுத்துவிட்டால் பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, ஒன்றுமே இருக்காது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ராவ் கோப்பில் நிறம் பத்திரமாக இருப்பதால், பிறகு கணினியில் சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கினால் துரு வெளிச்சமாகி, பெயின்ட் இருண்டு, இரண்டும் பிரிந்துவிடும். பழைய ஃபிலிம்காரர்கள் இதையே சிவப்பு ஃபில்டர் போட்டுச் செய்தார்கள்.

இதெல்லாம் எடுக்கும்போது போகிறவர்கள் “ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?” என்று கேட்பது வழக்கம். ஒருமுறை ஒரு காவலாளி, “இந்தச் சுவரை இடிக்கப் போகிறார்களா சார்?” என்று கவலையோடு வந்தார். திரையில் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் பின்பக்கம் வாருங்கள்” என்று அழைத்துப் போனார். குழாய் ஒழுகி ஒழுகி, உப்புப் பூத்து, அடுக்கடுக்காக வெண்விளிம்பு கட்டிய ஒரு கறை. நான் முன்பக்கம் எடுத்தவை எல்லாம் அதற்கு உறைபோடக் காணாது.

மழை நாளைக்கு ஒரு குறிப்பு. ஈரத் தாரை எடுக்கும்போது போலரைசரை, அதாவது பிரதிபலிப்பை வடிகட்டும் லென்ஸ் ஃபில்டரை, சரியான கோணத்துக்குத் திருப்பினால் பளபளப்பு வெகுவாக அடங்கி, தார் வெறும் கருந்திட்டாகிவிடும். எனக்கு அந்தப் பளபளப்புதான் வேண்டும் என்பதால் கழற்றிவிடுகிறேன். பெயின்ட் போன வெறும் உலோகத்தில் போலரைசர் பெரிதாக எதுவும் செய்யாது; அங்கே நாம்தான் நகர்ந்து நின்று பார்க்க வேண்டும்.