பிக்கப் கேனோபிக்கு எந்த ஜன்னல்: ஸ்லைடிங்கா, மேலே தூக்கித் திறப்பதா?

அல்சூர்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் டபுள் கேபின் ஹைலக்ஸ் பிக்கப் இருக்கிறது. அதன் திறந்த பின்தளத்துக்கு ஃபைபர் கேனோபி, அதாவது கூண்டு போன்ற மேல்மூடி, போட முடிவு செய்து, பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் வேறு சில இடங்களிலும் விசாரித்துவிட்டேன். உருவத்திலும் நிறத்திலும் எனக்குக் குழப்பமில்லை. ஜன்னல்களைப் பற்றித்தான் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். பக்கவாட்டில் கொசுவலையோடு கூடிய ஸ்லைடிங் கண்ணாடி, கீல் மேலே இருந்து முழுதாகத் தூக்கித் திறக்கும் கண்ணாடி, கண்ணாடியே இல்லாத ஃபைபர் கதவு என மூன்று வகைகள் இருக்கின்றன. கேபினை ஒட்டிய முன்பக்கத்திலும் திறக்காத கண்ணாடி, ஸ்லைடிங், உள்பக்கமாக மடிந்து இறங்கும் கண்ணாடி என்று மூன்று வகைகள்.

ஓசூரை அடுத்த தளி என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத் தோட்டம் இருக்கிறது. போகும்போது உர மூட்டைகளும் கருவிகளும், வரும்போது காய்கறிக் கூடைகளும் ஏற்றுவேன். கடைசி சில கிலோமீட்டர் மண் சாலை. வீட்டு நாயையும் பின்னால் ஏற்றலாமா என்று யோசிக்கிறேன். வண்டி இரவில் தெருவோரத்தில்தான் நிற்கும். இதற்கு எந்தச் சேர்க்கை பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒயிட்ஃபீல்டு வி-கிராஸ்:

கடையில் நின்று பார்க்கும்போது எல்லா ஜன்னலும் அழகாகத்தான் தெரியும். பின்தளத்தின் முன்மூலையில் கிடக்கும் பொருளை எப்படி எடுப்பீர்கள் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள். டபுள் கேபின் வண்டிகளில் தளத்தின் நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர். டெயில்கேட்டை, அதாவது தளத்தின் பின்கதவை, தாழ்த்தியதும் அதன் நீளமும் சேர்ந்துகொள்வதால், பின்னால் நின்று கையை நீட்டினால் முன்மூலை எட்டாது; உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும். ஆகவே மூட்டையும் கருவியும் ஏற்றுபவருக்கு ஒரு பக்கமாவது முழுதாகத் திறந்தாக வேண்டும். ஸ்லைடிங் கண்ணாடியில் ஒரு பாதி மற்றொரு பாதியின் மேல் ஏறி நிற்பதால், எப்படித் திறந்தாலும் பாதி வாய்தான் கிடைக்கும். அதன் வழியாகக் குடையை எடுக்கலாம், கூடையை எடுக்க முடியாது.

அதற்காக இரண்டு பக்கமும் தூக்கும் கண்ணாடி போடச் சொல்ல மாட்டேன். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியை ஓட்ட முடியாது என்பதால், பயணத்தின்போது காற்றோட்டத்துக்கு அது உதவாது. பெரிய திறப்புக்காகப் பக்கச் சுவரை அகலமாக வெட்டுவதால் கூரையைத் தாங்கும் பகுதியும் குறைகிறது. பின்னாளில் மேலே கேரியர் போடும் எண்ணம் இருந்தால், ஓடும்போது எவ்வளவு எடை, நிற்கும்போது எவ்வளவு எடை என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடைபாதைப் பக்கமாக, அதாவது இடப்பக்கம், தூக்கும் கண்ணாடியும் ஓட்டுநர் பக்கம் வலையோடு ஸ்லைடிங்கும் இருப்பதுதான் உங்கள் வேலைக்குச் சரி என்பது என் கருத்து. ஒரு பக்கத்துக்கு ஒன்று, மறுபக்கத்துக்கு வேறு என்று கேட்டால் சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். செய்து தரும் கடைகளும் உண்டு.

வாங்கும் முன் ஸ்லைடிங் சட்டத்தின் கீழ்த்தடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மழைநீர் அங்கேதான் தேங்கும். அது வெளியேறச் சிறு துளைகள் இருக்க வேண்டும். மண் சாலையில் ஓடும் வண்டியில் அந்தத் துளைகள் அடைத்துக்கொண்டால் ஜூன் தொடங்கி அக்டோபர் வரை நீர் உள்பக்கம் வழியும். கேனோபி ஒழுகுகிறது என்று சிலிக்கான் பூசிக்கொண்டே இருப்பவர்களில் பலருக்கு உண்மையான குற்றவாளி இந்தத் துளைதான். தூக்கும் கண்ணாடியில் பீடிங் ரப்பர் சுற்றிலும் ஒரே சீராக அழுந்துகிறதா என்றும், இரு முனைகளிலும் பூட்டு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நடுவில் ஒரே பூட்டு என்றால் மூலைகள் அதிர்ந்து இடைவெளி விடும். கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் நாளடைவில் வலுவிழக்கும். அது தேய்மானப் பொருள், மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடி அப்படியன்று. டஃபன் செய்த, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய, கண்ணாடியை அதன் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், உடைந்தால் அதே அளவில் புதிதாகச் செய்துதான் தர வேண்டும். மாற்றுக் கண்ணாடி கிடைக்குமா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஜெயநகர் வாசகர்:

முன்பக்கக் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். கேபினுக்கும் கேனோபிக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியில் சேறும் இலையும் சேரும். திறக்காத கண்ணாடி போட்டால் அந்த இரு பரப்புகளையும் துடைக்க வழியே இருக்காது. உள்பக்கம் மடிந்து இறங்குவது துடைப்பதற்கு மிக எளிது, ஆனால் சரக்கு நிறைந்திருக்கும்போது இறக்க முடியாது. ஸ்லைடிங் போதும் என்பேன்.

கறுப்புக் கண்ணாடிக்கு ஆசைப்படாதீர்கள். ஓட்டுநர் பின்னால் பார்க்கும் உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிவதற்கு, ஒளி கேனோபியின் பின்கண்ணாடி, முன்கண்ணாடி, கேபினின் பின்கண்ணாடி என்று மூன்றைக் கடந்து வர வேண்டும். ஒவ்வொன்றும் 70 விழுக்காடு ஒளியை விட்டால்கூட, மூன்றையும் தாண்டி வருவது 34 விழுக்காடுதான். மாலை மழையில் ஓசூர் சாலையில் அது மிகக் குறைவு. மத்திய மோட்டார் வாகன விதி 100, முன், பின் கண்ணாடிகளுக்குக் குறைந்தது 70, பக்கக் கண்ணாடிகளுக்குக் குறைந்தது 50 விழுக்காடு என்று சொல்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றது. கேனோபிக்கும் அந்த அளவுகளையே வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே இருப்பது தெரியக் கூடாது என்றால் தளத்தின் மேல் ஒரு விரிப்புப் போதும்.

தேன்கனிக்கோட்டைத் தோட்டக்காரர்:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர: ஓட்டுநர் பக்கத்து ஸ்லைடிங்கை மண் சாலையில் திறந்து வைக்காதீர்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, அதனால் டெயில்கேட் இடுக்குகள் வழியே தூசி உள்ளே இழுக்கப்படுகிறது. பக்க ஜன்னல் திறந்திருந்தால் உள்காற்று அந்த வழியாக வெளியேறி, பின்னாலிருந்து இழுப்பது இன்னும் கூடும். காற்று வரட்டும் என்று திறந்தவர் வீட்டுக்கு வந்து காய்கறியைக் கழுவிக்கொண்டிருப்பார். டெயில்கேட் சுற்றிலும் ரப்பர் ஒட்டுவதும், கூரையில் முன்னோக்கிய காற்றுவாய் வைத்து உள்ளழுத்தத்தைக் கூட்டுவதும்தான் இதற்கு வழி. ஜன்னலின் பயன் வண்டி நிற்கும்போதுதான்.

தூசி வரும் வழியில் புகையும் வரும். பின்கண்ணாடியைத் தூக்கி வைத்து ஓட்டினால் எக்ஸாஸ்ட் உள்ளேயே சுழலும். டீசலில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோலைவிடக் குறைவு என்றாலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் உண்டு. நாயைக் கேபினின் பின் இருக்கையில் ஏற்றுங்கள். மனிதர்கள் பின்தளத்தில் உட்காரவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒயிட்ஃபீல்டு வி-கிராஸ்:

தூசி பற்றிய திருத்தம் சரியானது. இரண்டு சேர்க்கிறேன். கேனோபியின் பின்பக்கம் மேலே பிரேக் விளக்கு இருக்க வேண்டும், ஏனெனில் கேபினின் மேற்பகுதியில் உள்ள பிரேக் விளக்கு மறைந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்வாசி:

அனைவருக்கும் நன்றி. இடப்பக்கம் தூக்கும் கண்ணாடி, வலப்பக்கம் ஸ்லைடிங், முன்பக்கம் ஸ்லைடிங், நாய் கேபினில் என்று முடிவு செய்கிறேன். ஒரே ஐயம்: தெருவில் நிற்கும் வண்டிக்கு இடப்பக்கம் ஃபைபர் கதவே பாதுகாப்பு இல்லையா?

ஒயிட்ஃபீல்டு வி-கிராஸ்:

பாதுகாப்புக்கு அதுதான் மேல். ஆனால் வளைவிலும் சந்திப்பிலும் இடத்தோள் பக்கம் திரும்பிப் பார்க்கும்போது, கண்ணாடி இருந்தால் அதன் வழியே தெரியும் ஸ்கூட்டர்காரர் அந்தக் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுவார். கருவிகளைத் தினமும் வண்டியிலேயே விட்டுவைப்பவராக இருந்தால் கதவு போடுங்கள். வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவீர்கள் என்றால் பெங்களூரு போக்குவரத்துக்குக் கண்ணாடியே பொருந்தும்.