சிற்றூர் பார்மசியில் மேனேஜர் வேலை, 'பிறகு பங்கு தருகிறேன்' என்கிறார் ஓனர் (ஆஸ்திரேலியா)

கேள்வி: பார்மசிஸ்டாக வேலை செய்யத் தேவையான அஹ்ப்ரா பதிவு கைக்கு வந்துவிட்டது. நகரத்திலிருந்து ஐந்து மணி நேர ஓட்டத்தில் ஒரு சிற்றூர், அங்கே இருப்பது ஒரே பார்மசி. மேனேஜர் வேலையும் ஸ்பான்சர் விசாவும் தருகிறார்கள், மூன்று வருடத்தில் பாதிப் பங்கு என்றும் சொல்கிறார்கள். நம்பிப் போகலாமா?

பதில்: ஊருக்கு ஒரே கடை என்பது நல்ல பலம்தான். பி.பி.எஸ். (அரசு மானிய விலை) மருந்து வழங்கும் அனுமதி (1953 தேசிய சுகாதாரச் சட்டம், பிரிவு 90) குறிப்பிட்ட கட்டடத்தோடு சேர்ந்தது. புதிய பார்மசி எங்கே வரலாம் என்பதற்கு இட விதிகள் இருப்பதால் எதிரே இன்னொருவர் நினைத்த மாத்திரத்தில் கடை போட முடியாது. சில விலக்குகள் தவிர, பார்மசிஸ்ட் அல்லாதவர் வாங்கவும் முடியாது. அதனால்தான் ஓய்வுபெற நினைக்கும் ஓனர்கள் இளம் பார்மசிஸ்டைத் தேடுகிறார்கள்.

ஆனால் 'மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம்' என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். இன்று கடையின் வருட லாபம் 3 லட்சம் டாலர், விலை லாபத்தைப் போல் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பங்கு 7.5 லட்சம். உங்கள் உழைப்பில் லாபம் 4 லட்சமானால் அதே பாதி 10 லட்சம். நீங்கள் வளர்த்ததை நீங்களே 2.5 லட்சம் கொடுத்து வாங்குகிறீர்கள்! எனவே வேலையில் சேரும் முன்பே வக்கீல் எழுதிய ஒப்பந்தம் வேண்டும். எத்தனை சதவீதம், எந்தத் தேதி, எந்த வருடக் கணக்கை வைத்து விலை, அவர் இறந்தாலோ வேறொருவருக்கு விற்க முயன்றாலோ உங்களுக்கு முதல் உரிமை உண்டா, எல்லாம் அதில் இருக்கட்டும். முடிந்தால் இன்றைய லாபத்திலேயே விலையைப் பூட்டிவிடுங்கள்.

கணக்குகளில் மொத்த விற்பனையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே பெட்டி ஆயிரக்கணக்கில் விலை போகும் மருந்துகள் விற்பனைத் தொகையை வீங்க வைக்கும். அதில் கடைக்கு நிற்கும் கட்டணத்துக்கோ உச்ச வரம்பு உண்டு. மாதவாரி மருந்துச்சீட்டு எண்ணிக்கையையும் மொத்த லாபத்தையும் கேளுங்கள், அதுவும் அவர் தயாரித்த எக்செல் தாளாக அல்ல, டிஸ்பென்சிங் மென்பொருளிலிருந்து நேரடியாக. 60 நாள் மருந்து முறை (ஒரே தடவையில் இரண்டு மாத மருந்து, அதனால் கடைக்குக் கட்டணம் குறைவு) 2023 செப்டம்பரில் தொடங்கி, மூன்று கட்டமாக 2024 செப்டம்பரில்தான் முழுமையானது. அதற்கு முந்தைய வருட லாபத்தைக் காட்டி விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரசு தரும் கிராமப்புறப் பராமரிப்பு உதவித்தொகை எவ்வளவு வருகிறது என்பதையும் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

ஊரில் எத்தனை டாக்டர்? ஒருவரே என்றால் அவர் கிளம்பிய மாதம் சீட்டுகள் பாதியாகும். முதியோர் இல்லத்துக்கு மாத்திரைப் பொதி கட்டிக் கொடுக்கிறார்கள் என்றால், அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். நகரத்துப் பொதிக் கம்பெனி ஒன்று அதைத் தட்டிக்கொண்டு போகலாம்.

இன்னொருவர் பதில்: மேலே சொன்னதோடு விசாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சரும் விற்பவரும் ஒரே ஆள் என்றால் பேரத்தில் உங்கள் கை தாழ்ந்துவிடும். பங்கு மாறி வியாபாரம் புதிய கம்பெனிப் பெயருக்குப் போனால் நாமினேஷனும் (விசாவுக்காக முதலாளி உங்களை முன்மொழியும் மனு) புதிதாக வேண்டியிருக்கலாம். மைக்ரேஷன் ஏஜென்டை நீங்களே அமர்த்துங்கள், ஓனர் காட்டுபவரை வேண்டாம்.

லீவு விஷயமும் பெரிது. கதவு திறந்திருக்கும்போது பார்மசிஸ்ட் உள்ளே இருந்தாக வேண்டும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் நிற்பார்? மாற்று பார்மசிஸ்டின் சம்பளம், பயணம், தங்குமிடம் யார் செலவு என்று எழுதி வாங்குங்கள். இரண்டு வாரம் லோகம் (தற்காலிக மாற்று பார்மசிஸ்ட்) ஆகப் போய் வேலை பார்த்துவிட்டு முடிவு சொல்வது நல்லது. அந்த இரண்டு வாரத்தில் பின்கட்டு அலமாரிகளைப் பாருங்கள். தூசி படிந்த, காலாவதி நெருங்கும் சரக்கும் ஸ்டாக் மதிப்பில் கணக்காகி உங்கள் தலையில் விழும். ஒப்படைக்கும் நாளில் ஸ்டாக் எண்ணுவதை வெளியாள் செய்யட்டும், எஸ்8 (கடுமையான கட்டுப்பாட்டிலுள்ள மருந்துகள்) பெட்டகத்தை மட்டும் பதிவேட்டோடு ஒவ்வொரு மாத்திரையாக நீங்களே எண்ணிக் கையெழுத்திடுங்கள். கட்டடம் வாடகை என்றால் லீஸ் இன்னும் எத்தனை வருடம் என்று பாருங்கள். வங்கிக் கடன் காலத்தைவிடக் குறைவாக இருந்தால் கடன் கிடைப்பதே சிரமம்.