புதுப்பிப்பு: பெறாமகளின் குரோஷே சட்டை முடிந்தது

மூன்று வயதுப் பெறாமகளுக்குக் குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) சட்டை பின்னத் தொடங்கி, மார்புப் பகுதி இறுகிவிட்டதென்று சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். பிழை என்னுடையதே. வடிவக் குறிப்பு 10 சென்ரிமீற்றருக்கு 16 தையல்கள் வரும் தடித்த கம்பளி நூலுக்கானது. கொழும்பு வெக்கையை நினைத்து நான் புறக்கோட்டையில் வாங்கிய பருத்தி நூலிலோ அதே அகலத்துக்கு 20 தையல்கள் வந்தன. ஆகவே குறிப்பிலிருந்த 96 தையல்கள், 60 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 48 மட்டுமே தந்தன.

முழுவதையும் பிரித்துவிட்டு, மாதிரித் துண்டொன்றைப் பின்னித் துவைத்து, காய்ந்த பிறகே அளந்தேன். பிள்ளையின் மார்பளவு 54. தளர்வுக்கு 6 சேர்த்து 60 என்று கணக்கிட்டதில் 120 தையல்கள் வந்தன. சிப்பி வடிவப் பூவேலை எட்டுத் தையலுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதால் அது மீதியின்றிப் பதினைந்து பூக்களாகப் பிரிந்தது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

கழுத்துத்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. சிறு பிள்ளைகளின் தலை உடலோடு ஒப்பிடுகையில் பெரியது என்பதை மறந்து 40 சென்ரிமீற்றர் சுற்றளவில் கழுத்தைப் பின்னியிருந்தேன். அவளது தலையோ 50. கழுத்தை அகட்டினால் தோளிலிருந்து வழுகும் என்பதால், முதுகுப்புறத்தில் 8 சென்ரிமீற்றர் நீளத்துக்குத் திறப்பு விட்டு, இரண்டு பொத்தான்கள் வைத்தேன். இப்போது அழுகையின்றிச் சட்டை ஏறுகிறது, ஆனால் மேல் பொத்தானை அவளே கழற்றப் பழகிவிட்டாள்.