காளை முட்டிய தொடையில் புதிய சதை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அவனியாபுரம், கல்லூரி மாணவி

பொங்கலன்று எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் காளை முட்டியதில் என் அண்ணனுக்குத் தொடைச் சதை உள்ளுக்குள் கிழிந்துவிட்டது. தோலில் காயமில்லை, ஆனால் மூன்றாம் நாள் தொடை கருநீலமாகக் கன்றி, தொட்டால் கல்லைப்போல் இருந்தது. ஐந்து வாரம் கழித்து இப்போது படியேறுகிறான். முதிர்ந்த தசையிழை பிளவுற்றுப் பெருகாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் புதிய சதை எப்படி உண்டானது? அப்பத்தா நல்லெண்ணெய் தேய்த்து நீவச் சொன்னதை மருத்துவர் தடுத்தது ஏன்?

பதில்: விலங்கியல் ஆசிரியர், திருப்பரங்குன்றம்

தாங்கள் படித்தது சரிதான், அம்மா. தசையிழைக்கும் அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு உறங்கும் சாட்டிலைட் செல்களே பிளவுற்றுப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புதிய இழையாகின்றன. அலெக்சாண்டர் மாரோ 1961-இல் தவளையின் தசையில் இவற்றைக் கண்டறிந்தார். எலிகளில் இவற்றை அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்தினால் புதிய தசை உருவாவதில்லை என்பது 2011-இல் உறுதியானது. நுண்ணோக்கியில் பார்த்தால், பழைய இழையின் உட்கருக்கள் ஓரத்தில் இருக்கும். புதிதாக உருவான இழையிலோ அவை நட்டநடுவே வரிசையாகத் தெரியும்.

பதில்: ஆய்வு மாணவர், மதுரை

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சாட்டிலைட் செல்கள் தனியாக இதைச் சாதிப்பதில்லை. அடிபட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் எனும் வெள்ளையணுக்களும், அடுத்து மேக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்கு செல்களும் வந்து சிதைந்த இழைகளை விழுங்குகின்றன. அந்த அழற்சி நிலையிலேயே மேக்ரோஃபேஜ்கள் சாட்டிலைட் செல்களைப் பெருகத் தூண்டி, சில நாட்களில் தன்மை மாறி, அந்தச் சாட்டிலைட் செல்கள் முதிர்ந்து இணையவும் துணைசெய்கின்றன. இடையே பெருகும் எஃப்.ஏ.பி. எனப்படும் இணைப்புத்திசுச் செல்கள் வேண்டிய ஊக்கிகளைச் சுரந்துவிட்டு, மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் டி.என்.எஃப். புரதத்தால் மடிய வேண்டும். அவை மடியாமல் தங்கினால் சதைக்குப் பதிலாகத் தழும்பும் கொழுப்பும் சேரும். ஆகவே முதல் சில நாள் வீக்கத்தை வெறும் தொல்லையாகக் கருதுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

பதில்: இயன்முறை மருத்துவர், மேலூர்

நீவுவதைத் தடுத்தது மிகச் சரி, தங்கையே. புதிதாக அடிபட்ட தொடையை அழுத்தி நீவினால் மீண்டும் இரத்தம் கசியும். சிலருக்கு அந்தச் சதைக்குள் எலும்பே வளர்ந்துவிடும். வலி அடங்கியபின் முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுவது நல்லது, ஏனெனில் புதிய இழைகள் இழுவிசையின் திசையில் ஒழுங்காக அமைய அசைவு தேவை. அண்ணனின் தொடையில் இன்னும் கெட்டியாகக் கட்டி தெரிந்தாலோ, முழங்கால் முழுமையாக மடங்காவிட்டாலோ, தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.